வலது ஓரத்துத் திருகு

சங்கரன்கோவில்,
6 நவம்பர் 2024

ஜாய்ஸ்,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

மே மாதம் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “இனிமே பெட்டில எதை மாத்தணும்னாலும் பேப்பர்ல எழுதிக் குடு. வாயால சொன்னா நாளைக்கு நீ மாத்திப் பேசுவ. போன் பண்ணாத, எடுக்க மாட்டேன்.” சொன்னபடியே நீ எடுக்கவில்லை. ஆறு மாதமாக என் நம்பரைத் தடுத்தே வைத்திருக்கிறாய். சரி, உன் சட்டப்படியே எழுதுகிறேன். டிஜே கன்ட்ரோலர் பெட்டியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கடிதம் அதற்குள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ஷீட்டைத் திருப்பி அனுப்பிவிடு, அம்மா கேட்பாள்.

வேலை இதுதான். பெட்டியில் இருக்கும் எஃபெக்ட் எல்லாவற்றையும் இடது பக்கத்துக்கு மாற்ற வேண்டும். எக்கோ, ஃபில்டர், சைரன், பாட்டில் ஒரு சொல்லைப் பிடித்து வெட்டி வெட்டிப் போடுமே அந்தப் பட்டன், எல்லாமே இடது கையின் ஐந்து விரலுக்குள் அடங்க வேண்டும். நடுவில் இருக்கும் வால்யூம் கட்டையையும் இடப்பக்கம் நகர்த்து. வலது ஓரத்தில் ஃபில்டரைத் திருப்புகிற அந்தப் பெரிய திருகு இனித் தேவையில்லை, கழற்றிவிடு. ஏன் என்று கேட்காதே. சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் ஏன் என்றா கேட்கிறான்?

அவசரம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். புளியங்குடி ரோட்டில் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி புதிதாக ஒரு ஏசி மண்டபம் கட்டியிருக்கிறார். அங்கே முதல் விசேஷம் அவர் தங்கை மகள் கல்யாணம். ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேற்பு, டிஜே நான். அன்றைக்கு நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க அந்த மண்டபத்து வேலை எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். சொதப்பினால் வேறு ஆள். மூன்று மாதமாக நான் ஒரு மேடையும் ஏறவில்லை, ஜாய்ஸ். இதுவும் போனால் ஸ்பீக்கரை எல்லாம் விற்றுவிட்டு அப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் உட்கார்ந்த பழக்கத்துக்காகவாவது செய்துகொடு.

லிங்கேஷ்


கோயம்புத்தூர்,
15 நவம்பர் 2024

லிங்கேஷ்,

பெட்டி வந்தது. பெட்ஷீட்டும் வந்தது. துவைத்துப் போட்டிருக்கிறேன், ஒரு பொருளைச் சுற்றி அனுப்புகிறவர்கள் துவைத்து அனுப்புவார்கள்.

முதலில் டெய்லர் விஷயம். லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் இயக்க, கடையில் வாங்கிய மிடி கன்ட்ரோலரைப் பிரித்து, உள்ளே புதுப் போர்டு வைத்து, உன் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பட்டனையும் இடம் மாற்றி வைத்தவள் நான். இரண்டு மாதம் என் வீட்டு மாடியில் சால்டரிங் புகையில் இருமினேன். நீ என்ன செய்தாய்? யூடியூப் பேட்டியில், நான் பக்கத்திலேயே நிற்க, “இது நானே எனக்காகச் செஞ்ச கன்ட்ரோலர்” என்றாய். கேட்டதற்கு, “நான் அப்படிச் சொல்லல, எடிட் பண்ணிட்டாங்க” என்றாய். அதனால்தான் பேப்பர். இது புரியாத மாதிரி எழுதாதே.

இப்போது நான் ஏன் என்று கேட்கத்தான் போகிறேன்.

ஒன்று, இது உன் எழுத்து இல்லை. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? உன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தானே நான் காப்பி அடித்தேன். உன் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடும். இந்தக் கடிதம் இடப்பக்கம் சாய்ந்து, கோடு தாண்டி, மை இழுபட்டுக் கிடக்கிறது. வார்த்தை மட்டும் உன்னுடையது. நீ சொல்லச் சொல்ல யார் எழுதியது?

இரண்டு, பெட்டிக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கிறது. எந்தப் பட்டன் சீக்கிரம் தேயும் என்று தெரிந்துகொள்ள ஆரம்பத்திலேயே வைத்தேன். எந்தப் பட்டன், எத்தனை மணிக்கு, எவ்வளவு அழுத்தம் என்று அது எழுதிக்கொண்டே வரும். இரண்டு வருஷமாக அதில் அதிகம் அசைந்தது வலது ஓரத்துத் திருகு. ஆகஸ்ட் 13-க்குப் பிறகு அது ஒரு முறைகூட அசையவில்லை. வலது பக்கத்தில் எந்தப் பட்டனுமே அழுத்தப்படவில்லை. மேடை ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனால் அக்டோபர் முழுவதும் தினமும் யாரோ வாசித்திருக்கிறார்கள், இடது பக்கம் மட்டும். தாளம் தப்பி, தயங்கித் தயங்கி, புதிதாகக் கற்றுக்கொள்கிற கை.

மூன்று, உங்கள் தெரு ஞானபூரணம் டீச்சர் சென்ற வாரம் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். “ஒங்க ஜாய்ஸ் கூடச் சுத்துவானே அந்தப் பையன், இப்பம் புளியங்குடி அபிஷேக்கு அவன் வீடே கதின்னு கெடக்கான்” என்றார்களாம். நாம் சேர்ந்து மேடை ஏறின காலத்தில் நமக்கு வரவேண்டிய விசேஷத்தையெல்லாம் தட்டிக்கொண்டு போன அதே அபிஷேக். அபிஷேக் இடது கைக்காரன்.

என் பெட்டியை அவனுக்குக் கொடுக்கப் போகிறாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது. அதுவரை திருப்புளியைக் கையில் எடுக்க மாட்டேன்.

ஜாய்ஸ்


சங்கரன்கோவில்,
22 நவம்பர் 2024

ஜாய்ஸ்,

இல்லை.

ஒரு வார்த்தை போதுமா? உனக்குப் போதாது என்று தெரியும்.

இரண்டு வருஷமாக என் விரலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்குத் தெரியாமல்! எத்தனை கல்யாணம், எத்தனை கோவில் கொடை, எத்தனை மணிக்கு நான் கையை எடுத்து டீ குடித்தேன், எல்லாம் உன்னிடம் இருக்கிறது. படித்தபோது உடம்பெல்லாம் கூசியது. பட்டன் தேயுமாம், அதற்காகவாம். வேவு பார்த்தேன் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போயேன்.

நீ எண் போட்டுக் கேட்டால் நானும் எண் போட்டுப் பதில் சொல்ல வேண்டுமா? முடியாது. கடிதத்தை லோடு ஆட்டோவில் உட்கார்ந்து எழுதினேன், பனவடலிசத்திரம் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், எழுத்து கோணத்தான் செய்யும். இடது பக்கம் ஏன் என்றால், இப்போது மைக்கையும் நானே பிடித்துப் பேசுகிறேன். வலது கையில் மைக். அதனால் மற்றதெல்லாம் இடது கைக்கு வர வேண்டும். அக்டோபரில் வாசித்ததும் நான்தான். புதுப் பழக்கம், தயங்கத்தான் செய்யும். ஞானபூரணம் டீச்சருக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து யார் வீட்டில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அபிஷேக்கை இதில் இழுக்காதே. அவனைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது.

நானும் ஒன்று கேட்கிறேன். கோயம்புத்தூரில் ஒருத்தன் வாசிக்கிற வீடியோ பார்த்தேன். கறுப்புப் பெட்டி, நீல விளக்கு, பட்டன் வரிசை அச்சு அசல் நம் பெட்டிதான். நீ செய்துகொடுத்தது தானே? அப்படியென்றால் எனக்காக யோசித்து யோசித்துச் செய்ததை இன்னொருத்தனிடம் கொடுத்தது நீ. என்னைக் கேட்கிறாய்.

ஜனவரி 26. அதை மட்டும் மறந்துவிடாதே. சண்டையை அதற்கப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் போடலாம், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்.

லிங்கேஷ்


கோயம்புத்தூர்,
9 டிசம்பர் 2024

லிங்கேஷ்,

வேலை முடிந்தது. பெட்டி இந்தக் கடிதத்தோடு வருகிறது, பெட்ஷீட்டும்.

எக்கோ இப்போது உன் இடது கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. ஃபில்டர் அதற்கு மேலே. வெட்டிப் போடுகிற பட்டனைச் சுண்டுவிரல் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன், முதலில் வலிக்கும், பத்து நாளில் பழகிவிடும். வால்யூம் கட்டை இடது ஓரம். வலது ஓரத்துத் திருகைக் கழற்றவில்லை. கழற்றினால் துளை வழியாகத் தூசி போகும். இப்போது அது எதையும் செய்யாது, சும்மா இருக்கும்.

கோயம்புத்தூர் பெட்டி நான் செய்ததுதான். எங்கள் பம்பு கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற ஃபஹீமாவின் அண்ணனுக்கு. அவன் பெட்டியின் அடியில் என் பெயர் இருக்கிறது. அவனே எழுதச் சொன்னான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் எனக்கு அழுகை வரும், வேண்டாம்.

மைக் கதையை நான் நம்பவில்லை. நீ மைக்கை இடது கையில்தான் பிடிப்பாய். எப்போதும். மேலநீலிதநல்லூர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தா பேச மைக் கேட்டபோதுகூட இடது கையால் நீட்டி, “பெரியவர்ட்ட எடக்கையால குடுக்கான் பாரு” என்று வாங்கிக் கட்டிக்கொண்டாய். ஏனென்றால் உன் வலது கை அந்தத் திருகை விட்டு வராது. பாட்டு எதுவாக இருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அது அங்கேதான் போய் நிற்கும். உனக்கே தெரியாமல் போகும். இரண்டு வருஷம் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். பேப்பரில் எழுதினால் நம்புவேன் என்று சொன்னவள் நான்தான். நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஜாய்ஸ்


சங்கரன்கோவில்,
2 ஜனவரி 2025

ஜாய்ஸ்,

புது வருஷ வாழ்த்து. உன் அம்மாவுக்கும் சொல்லு. கிறிஸ்மஸுக்கு உங்கள் வீட்டு அச்சு முறுக்கு இந்தத் தடவை இல்லாமல் போனது.

பெட்டி நன்றாக இருக்கிறது. உண்மையாகவே சொல்கிறேன். சுண்டுவிரல் நீ சொன்ன மாதிரியே வலித்தது, நீ சொன்ன மாதிரியே பழகிவிட்டது. தினமும் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி வாசிக்கிறேன். நேற்று எக்கோவை ஏற்றிக்கொண்டே போய், டப்பென்று வெட்டி, பாட்டை உள்ளே விட்டேன். அபிஷேக் எழுந்து நின்று, “ஏலே, இது ரெண்டு கையால வாசிச்ச மாதிரில்லா இருக்கு” என்றான். ஆமாம், அவன் இங்கேதான் இருந்தான். மறைக்கவில்லை, பார். கேட்டுக்கொண்டுதான் இருந்தான், தொடவில்லை.

அண்ணாச்சி மண்டபத்துக்கு வரச்சொல்லி மேடையைக் காட்டினார். தோளில் தட்டி, “நீ நல்லாச் செஞ்சேன்னா வேற ஆளத் தேடி நான் ஏம்லே தென்காசிக்குப் போறேன்” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாதே. முன்பு வயரைச் செருகியதும் நீல விளக்கு உடனே வரும். இப்போது மூன்று எண்ணுகிற நேரம் ஆகிறது. உள்ளே புதிதாக ஏதோ படித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் அந்தத் திருகு. தூசி போகும் என்றால் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதுமே. நீ ஒரு ஸ்குரூவைக்கூடக் காரணம் இல்லாமல் விட்டுவைக்கிறவள் இல்லை. எதையும் செய்யாத ஒரு திருகை ஏன் வைத்திருக்கிறாய்?

உள்ளே என்ன வைத்திருக்கிறாய், ஜாய்ஸ்? எண்ணுகிறாய் என்றால் எண்ணிக்கொள், பரவாயில்லை. வேறு ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. 26-ஆம் தேதி எனக்குச் சாதாரண நாள் இல்லை.

லிங்கேஷ்


கோயம்புத்தூர்,
10 ஜனவரி 2025

லிங்கேஷ்,

ஒன்றும் இல்லை.

பதிவு செய்கிற கார்டைப் பெரிதாக மாற்றினேன். அதனால் விளக்கு தாமதமாக வரும். உனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது, எனக்கிருந்தது ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

26-ஆம் தேதி மேடையில் நீயே நின்று நீயே வாசித்தால் பெட்டி ஒரு குறையும் வைக்காது. அதை எழுதித் தருகிறேன், பேப்பரில்.

நல்லபடியாகச் செய்.

ஜாய்ஸ்


சங்கரன்கோவில்,
29 ஜனவரி 2025

ஜாய்ஸ்,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். இன்றைக்கு எழுதி முடித்துவிடுவேன்.

மேடையில் நானே நின்றேன். நானே வாசித்தேன்.

ஆறரைக்கு ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் நன்றாகப் போனது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடைக்கு முன்னால் வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி தூரத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏழேகால் இருக்கும். பெண்ணின் இன்னொரு தாய்மாமா, அண்ணாச்சியின் தம்பி, வாழ்த்திப் பேச வேண்டும் என்று மைக்கை வாங்கினார். மைக்கும் நம் லேப்டாப் வழியாகத்தான் போகிறது, உனக்குத் தெரியும். நான் எக்கோவை முழுசாக ஏற்றி, அவர் பெயரை ஒரு முறை முழங்கவிட்டு, இறக்கினேன். இறங்கவில்லை. கட்டைவிரல் திருகுகிறது, சத்தம் இறங்கவில்லை. வால்யூமை இழுத்தேன், அதுவும் கேட்கவில்லை. நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, பெட்டி செத்துக் கிடக்கிறது.

அவர் “என் மருமவ” என்றார். மண்டபம் முழுக்க மருமவ மருமவ மருமவ என்று ஓடியது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “என்னலே இது” என்றார். அதுவும் இருபது தடவை. முன்வரிசை சிரித்தது, அப்புறம் பின்வரிசை. மேடையில் கல்யாணப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

மவுஸைப் பிடித்து லேப்டாப்பிலேயே நிறுத்தலாம் என்று கை போனது. எந்தக் கை போனது தெரியுமா? வலது கை. கறுப்புக் கையுறை மாட்டிக் கோட்டுப் பையில் வைத்திருந்த கை, தானாக எழுந்து வந்தது. மவுஸ் மேலே விழுந்தது. பிடிக்கத் தெரியவில்லை. மவுஸ் கீழே விழுந்தது, கையுறை கழன்றது. மேடை விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் பார்த்தார்கள். அபிஷேக் ஓடிவந்து லேப்டாப்பை மூடினான். அப்புறம்தான் மண்டபம் அமைதியானது. 

உன்னிடமும் இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் 13, ஆடிக் கொடை, பனவடலிசத்திரம். நிகழ்ச்சி முடிந்து லோடு ஆட்டோவில் பேஸ் ஸ்பீக்கரை ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், என் வலது கை ஸ்பீக்கருக்கும் வண்டிக் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. திருநெல்வேலியில் இரண்டு ஆபரேஷன். மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அன்றைக்கு அதே கொடைக்குப் பக்கத்துத் தெருவில் வாசிக்க வந்திருந்தவன் அபிஷேக். தன் நிகழ்ச்சியை அப்படியே விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். இடது கையால் எழுதவும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். முதல் கடிதத்திலிருந்து நீ வாசித்தது என் இடது கை எழுத்து. லோடு ஆட்டோ கதை பொய். மைக் கதையும் பொய்.

ஊரில், கையில் சின்ன அடி, ஆறிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அண்ணாச்சி சபையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். “ஏலே லிங்கேசு, கை சரியாயிட்டுன்னுதான எங்கிட்ட சொன்ன?” நான் குனிந்து கையுறையை எடுத்தேன். “பொய் சொல்லியாலே எம் மண்டபத்துல மொத வெளக்கேத்துவ?” என்றார். வேலை போய்விட்டது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பஸ் ஏறின அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். “பெட்டி இல்லன்னா ஒன் கை வெறுங்கைதாம்லே” என்றாய். அந்த வாயிடம் போய், இப்போது அந்தக் கையும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

வீட்டுக்கு வந்து அபிஷேக் சோதித்துப் பார்த்தான். லேப்டாப்பில் பழுது இல்லை. நாற்பத்தைந்தாவது நிமிஷத்திலிருந்து பெட்டி எதையும் அனுப்பவே இல்லை. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினால் வேலை செய்கிறது, மறுபடியும் நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில் நிற்கிறது. நான் அரை மணிக்கு மேல் பழகினதே இல்லை, அதனால் தெரியாமல் போனது. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. செய்தது நீ என்று தெரியும்.

பெட்டி இதோடு வருகிறது. பெட்ஷீட் வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

லிங்கேஷ்


கோயம்புத்தூர்,
4 பிப்ரவரி 2025

லிங்கேஷ்,

செய்தது நான்தான்.

நவம்பரிலேயே ஒரு புரோகிராம் எழுதி உள்ளே ஏற்றினேன். வாசிக்க ஆரம்பித்து நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் வலது ஓரத்துத் திருகு ஒரு தடவையாவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் பெட்டி நின்றுவிடும். அந்தத் திருகில் எந்த எஃபெக்ட்டும் இல்லாவிட்டாலும் நீ வாசித்தால் உன் கை அங்கே போகாமல் இருக்காது. இரண்டு வருஷப் பதிவைப் பார்த்தேன். நீ அதைத் தொடாமல் இருந்த அதிகபட்ச நேரம் நான்கு நிமிடம். நான் நாற்பத்தைந்து கொடுத்தேன், தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன். அதைத் தொடாத கை அபிஷேக்கின் கை. அவன் மேடையில் என் பெட்டி பேசக் கூடாது. இவ்வளவுதான் என் புத்தி.

எல்லாம் என் கண்முன்னால்தான் இருந்தது. சாய்ந்த எழுத்து, ஆகஸ்ட் 13, தயங்கித் தயங்கி வாசித்த விரல். இத்தனையும் சேர்த்து வைத்துக்கொண்டு திருட்டை யோசித்தேன், அடிபட்டிருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எனக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்மேல் கோபம் இருந்தது, அதற்குத் தோதான கதையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட ஜனவரி 10-ஆம் தேதி கடிதம்தான் என்னை உறங்கவிடவில்லை. நீ நேராகக் கேட்டாய். நான் உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். பேப்பரில் எழுதினால் யாரும் பொய் சொல்ல முடியாது என்று சட்டம் போட்டவள் நான்.

வெறுங்கை என்று சொன்னதும் நான்தான். அந்தக் கைக்காகத்தான் அந்தப் பெட்டியையே செய்தேன். அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை.

பூட்டை எடுத்துவிட்டேன். உன் நம்பர் தடையையும் எடுத்துவிட்டேன், கூப்பிடு, திட்டு. சனிக்கிழமை கிளம்பி வந்து அண்ணாச்சி முன்னால் நின்று, பெட்டியை நிறுத்தியது நான் என்று சொல்கிறேன். தாய்மாமாவிடமும் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, யோசித்துச் சொல். கார்டில் உன் வலது கை வாசித்தது முழுவதும் நேரத்தோடு அழுத்தத்தோடு பதிவாகி இருக்கிறது. இரண்டு வருஷம். நீ இடது கையால் வாசிக்கும்போது, பழைய வலது கை வாசிப்பை அதோடு சேர்த்து ஓட்ட முடியும். நேற்று செய்து பார்த்தேன். வலது கை மட்டும் தனியாக, பாட்டின் மேலே ஃபில்டரைத் திருகிக்கொண்டிருந்தது. நீ பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுது, பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். கேட்கிறவர்களுக்கு இரண்டு கைதான் கேட்கும்.

ஜாய்ஸ்


சங்கரன்கோவில்,
22 பிப்ரவரி 2025

ஜாய்ஸ்,

போனில் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கத்துவேன், அம்மா பயந்துவிடுவாள்.

நீ அண்ணாச்சியைப் பார்க்க வர வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டேன். பெட்டி நின்றதற்காக அவருக்குப் பெரிய கோபம் இல்லை. “மெசினுன்னா ஒரு நாள் நிக்கத்தான்லே செய்யும். நீ கைய மறைச்சதுதான் எனக்கு ஆகல” என்றார். சரியாகத்தான் சொன்னார். மண்டபத்து வேலையை அபிஷேக்குக்குக் கொடுத்துவிட்டார். அபிஷேக் என்னிடம் வந்து, லிங்கேஷும் கூட நின்றால்தான் செய்வேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சரி என்றேன்.

வலது கைப் பதிவு வேண்டாம். ஆசை வராமல் இல்லை. நீ எழுதியதைப் படித்ததும், கேட்க வேண்டும் போல இருந்தது, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் கை அந்தந்த மேடையில் அந்தந்தக் கூட்டத்தைப் பார்த்து அசைந்த கை. யார் ஆடுகிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துத் திருகின கை. போன வருஷத்துக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வருஷத்துக் கல்யாணத்துக்கு எப்படி வாசிக்கும்? ஒரு தடவை கையை மறைத்துப் பட்டது போதும். அதை நீயே வைத்துக்கொள். உனக்கு வேண்டும் என்றால் கேள், எனக்கு அனுப்பாதே.

போன ஞாயிற்றுக்கிழமை மேலநீலிதநல்லூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. பெட்டி இல்லாமல், வெறும் லேப்டாப் கீபோர்டில், இடது கையால் வாசித்தேன். கையுறை போடவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மேடை ஏறி வந்து, “அண்ணே, ஒங்க கைக்கு என்னாச்சு?” என்றாள். ஸ்பீக்கர் விழுந்துட்டு என்றேன். “வலிக்கா?” என்றாள். இல்லை என்றேன். போய் ஆட ஆரம்பித்துவிட்டாள். நான்கு இடத்தில் தாளம் விட்டேன். யாரும் போகவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த மண்டபத்துச் சிரிப்பு காதில் வருகிறது. நாள் ஆகும். அதற்காக வேலை நிற்க முடியாது, சித்திரை வரைக்கும் எனக்கும் அபிஷேக்குக்கும் விசேஷம் இருக்கிறது.

அதனால் ஒரு பெட்டி வேண்டும். எக்கோ, ஃபில்டர் எல்லாம் நீ டிசம்பரில் வைத்த அதே இடத்தில் இருக்கட்டும். அடியில் உன் பெயரைப் பெரிதாக எழுது. சில நாள் நான் வாசிப்பேன், சில நாள் அபிஷேக் வாசிப்பான், அந்தப் பிள்ளை மாதிரி யாராவது வந்து ஒரு பட்டனை அமுக்கிப் பார்க்கவும் செய்வார்கள். உள்ளே எண்ணுகிற கார்டும் வேண்டாம், வேறு எதுவும் வேண்டாம்.

யார் கை பட்டாலும் அது வேலை செய்ய வேண்டும்.

லிங்கேஷ்